வீட்டிலை துவக்கு இருக்கோ?

துடைப்பம் எந்த அலமாரியில், நாய் கடிக்குமா, கண்ணாடிக்கு எந்தத் திரவம் என்பதெல்லாம் பிறகுதான். புதிய வீட்டின் வாசலில், மிதியடிமேல் நின்றபடி குகனேஸ்வரி அக்கா முதலில் கேட்பது ஒன்றே ஒன்று: "வீட்டில் ஆயுதம் ஏதாவது இருக்கிறதா?" பிழையில்லாத இத்தாலிய மொழியில், சர்க்கரை போதுமா என்று விசாரிப்பதுபோலக் கேட்பார். பதில் வரும்வரை செருப்பைக் கழற்ற மாட்டார். உள்ளே போட்டுக்கொள்ள வேண்டிய வீட்டுச் செருப்பு, பூப்போட்ட துணிப்பைக்குள், அக்குளில் காத்திருக்கும்.

என் பேராசிரியரின் தாயாருக்கு வீடு துடைக்க ஆள் தேவைப்பட்டது. நான்தான் அக்காவை அழைத்துப் போனேன். அக்காவின் கேள்வி காதில் விழுந்ததும் அந்த அம்மாள் முத்துமாலை குலுங்கச் சிரித்தார். "எங்களை மாஃபியா என்று நினைத்துவிட்டாயா, மகளே?"

அக்கா சிரிக்கவில்லை. "மாஃபியாவைக் கேட்கவில்லை சிஞ்ஞோரா. ஆயுதத்தைக் கேட்டேன்."

இருந்தது. பேராசிரியரின் தம்பி எப்போதோ முயல் வேட்டைக்கு வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி, கித்தான் உறையோடு, படுக்கையறை அலமாரியின் தலைமேல் கிடந்தது. அக்கா தன் நிபந்தனைகளைச் சொன்னார். இரும்புப் பெட்டிக்குள் பூட்ட வேண்டும். தோட்டா வேறோர் அறையில் இருக்க வேண்டும். சாவி இரண்டும் ஒரே வளையத்தில் தொங்கக் கூடாது. அல்லது, காவல் துறையிடம் கொடுத்துவிட வேண்டும். "திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன்" என்று படியிறங்கிவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. திங்கட்கிழமை இரும்புப் பெட்டி வந்திருந்தது.

அக்காவுக்கு ஐம்பத்துநான்கு வயது. பலெர்மோவில் இருபத்தாறு ஆண்டுகள். பதினொரு வீடுகளின் சாவிகள் அவரிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் கம்பளி நூல் கட்டியிருப்பார். எந்த நிறம் எந்த வீடு என்பது எங்கும் எழுதப்படவில்லை. "எழுதினால் கள்ளனுக்கு வேலை லேசு" என்பார். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். மற்றவர்கள் தரையைப் பார்த்து வீட்டின் சுத்தத்தை எடைபோடுவார்கள். அவர் கதவின் மேல்விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார். வெள்ளைப் பிளீச்சிங் திரவத்தை வெறுப்பவர். "மணத்தாலை மறைக்கிறது துப்பரவு இல்லை."

அவருடைய கணவர் பத்மநாதன் கடற்கரை உணவகம் ஒன்றின் சமையற்கட்டில் வேலை செய்கிறார். மகள் சுலக்சனா இங்கேயே பிறந்து, தாதியர் படிப்பு முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால், நான் குடியிருக்கும் அதே கட்டடத்தில், என் வீட்டுக்கு நேர் கீழே அவர்கள் வீடு. நான் திருநெல்வேலிக்காரி. கடற்பாசி பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவள். குடிவந்த முதல் வாரம் ஒரு தட்டில் பிட்டோடு படியேறி வந்தவர், தட்டைக் கொடுப்பதற்கு முன் கேட்டார்: "பிள்ளை, உங்கடை வீட்டிலை துவக்கு இல்லைத்தானே?"

"எதைத் துவக்க வேண்டும் அக்கா?" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் துப்பாக்கிக்குத் துவக்கு என்று பெயர் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் பிட்டு பாதி தட்டை விட்டு நகர்ந்தது. "ஒண்டையும் துவக்க வேண்டாம், பிள்ளை. சாப்பிடுங்கோ."

பதினொரு வீடுகளில் மூன்றில் ஆயுதம் இருந்ததாம். பன்னிரண்டாவதாகவும் ஒரு வீடு இருந்தது. இல்லை என்று சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாம் மாதம் குளியல் துண்டு, அக்காவின் சொல்லில் துவாய், எடுக்கப் போனபோது அலமாரியின் அடித்தட்டில் கைத்துப்பாக்கி. துவாய்களை மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்து, சாவியை மேசைமேல் போட்டுவிட்டு வந்துவிட்டார். "பொய் சொன்னதுக்கு இல்லை. அது மனுசருக்கு வாறதுதான். துவாய் எடுக்கிற இடத்திலை வைச்சதுக்கு."

அக்காவின் பிறந்த ஊரைக் கேட்டதும் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். ஆ, இலங்கையா, போர் என்று அவர்களே காரணத்தையும் கண்டுபிடித்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒருநாள் மொட்டைமாடியில் போர்வை காயவைக்கும்போது கேட்டேன். அக்கா கவ்வியை வாயிலிருந்து எடுத்தார்.

"சண்டையை நான் மறக்கேல்லை. என்ரை பெரியண்ணை அதிலைதான் போனவர். ஆனால் இது அது இல்லை, பிள்ளை. இது இஞ்சை, மொண்டெல்லோவிலை நடந்தது."

பலெர்மோவின் கடற்கரைப் பகுதியான மொண்டெல்லோவில், கடலிலிருந்து மூன்று தெரு உள்ளே, லோ வெர்தெ என்ற வழக்கறிஞரின் வீட்டில் அக்கா அப்போது வாரத்தில் நான்கு நாள் வேலை செய்தார். எல்லோரையும்போல அவரை அவ்வொகாத்தோ என்றுதான் அழைப்பார். வழக்கறிஞருக்கு இங்கே அதுதான் மரியாதைப் பெயர். மனைவி பெயர் அகாதா. ஐம்பத்தோர் ஆண்டு தாம்பத்தியம். தினமும் உப்புக்குச் சண்டை போடுவார்கள். தினமும் மாலையில் கைகோத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள். பல ஆண்டுகளுக்கு முன், ஏதோ வழக்கில் மிரட்டல் வந்த காலத்தில், உரிமத்தோடு வாங்கிய கைத்துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. அதால் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. வயதாகிவிட்டது, இனி வேண்டாம் என்று விற்க முடிவு செய்திருந்தார். வாங்குபவர் பிற்பகல் வருவதாக இருந்தது. அழுக்கோடு கொடுக்க மனமில்லாமல், காலையில், சமையலறைக்கு அடுத்த அறையில், அதைத் துடைக்க உட்கார்ந்தார்.

அது ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய மார்ச் மாதம். சமையலறை மேசையில் அக்கா கதவுக்கு முதுகைக் காட்டியும் அகாதா அவருக்கு எதிரேயும் அமர்ந்து பச்சை அவரை உரித்துக்கொண்டிருந்தார்கள். பால் பொங்குவதுபோலத் தெரிந்ததால் அக்கா எழுந்து அடுப்பைத் தணிக்கப் போனார். கதவுக்கு அப்பால் ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லையாம். யாரோ கனத்த புத்தகத்தை நிலத்தில் போட்டதுபோல.

"திரும்பிப் பாத்தன். மேசையிலை குனிஞ்சு இருந்தவ. அவரைக்குள்ளை என்னவோ தேடுறா எண்டு நினைச்சன்."

தோட்டாக் கூட்டைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார் அவ்வொகாத்தோ. அதனால் துப்பாக்கி வெறுமையாக இருப்பதாக நம்பினார். குழலுக்குள் ஒன்று ஏற்கெனவே ஏறியிருந்தது. எத்தனை ஆண்டுகளாக அங்கே இருந்ததோ, தெரியாது. இடையிலிருந்த கதவு மெல்லிய மரம்.

விசாரணைக்கு வந்தவர்கள் அக்காவிடம் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டார்கள்: இருவருக்கும் இடையே சண்டை உண்டா? "ஓம், ஒவ்வொரு நாளும், உப்புக்கு" என்று உள்ளதைச் சொன்னார். கைகோத்துப் போவதையும் சொன்னார். கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று தீர்ப்பாயிற்று. சிறைக்குப் போகாமலே தண்டனை முடிந்தது. மிலானிலிருந்து வந்த மகன் அடக்கத்துக்குப் பிறகு அப்பாவோடு பேசவில்லை. இன்றுவரை இல்லை.

"சண்டையிலை செத்தவைக்கு ஒரு காரணத்தைச் சொல்லி அழுதம். சரியோ பிழையோ, ஏதோ ஒண்டு இருந்தது. அகாதா சிஞ்ஞோராவுக்கு என்னத்தைச் சொல்லி அழுகிறது? கெட்டவன் ஒருத்தனும் இல்லை. குடி இல்லை, கோவம் இல்லை. விக்கிறதுக்குத் துடைச்சவர்." அக்கா போர்வையின் மறு நுனியை என்னிடம் நீட்டினார். "பிடியுங்கோ, முறுக்குவம்."

மற்ற வேலைக்காரர்களெல்லாம் அந்த வீட்டை விட்டுவிட்டார்கள். அக்கா விடவில்லை. இப்போதும் செவ்வாயும் சனியும் போகிறார். ஏன் என்று கேட்டால் பெரிய விளக்கமொன்றும் கிடைக்காது. "அவருக்கு ஒரு முட்டை பொரிக்கத் தெரியாது." கொஞ்சம் பொறுத்து, "நான்தானே எழும்பினனான். எழும்பாட்டில் கதிரையிலை நான்" என்றார். தப்பித்துக் கிடைத்த ஒன்பது ஆண்டுகளை அவர் குறையில்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றும். பிப்ரவரி வந்தால் சியாகுல்லித் தோட்டத்து மாண்டரின் பழம் ஒரு கூடை வாங்கி, கட்டடத்தின் எல்லா வீட்டு வாசலிலும் இரண்டிரண்டாக வைத்துவிட்டுப் போவார். பஸ்ஸில் பழக்கமில்லாதவர்களோடும் பேச்சுக் கொடுப்பார். பத்தே நிமிடத்தில் அவர்களுடைய முழங்கால் வலி இவருக்குத் தெரிந்துவிடும்.

போன இலையுதிர்காலத்தில், மதுக்கடை வாசலில் தோள் இடித்ததற்காக ஓர் இளைஞனை இன்னோர் இளைஞன் சுட்டான். இருவருக்கும் முன்பின் அறிமுகம் இல்லை. நகரமே மெழுகுவர்த்தி ஏந்தி நடந்தது. அக்காவும் வேலை முடிந்து பூப்போட்ட பையோடு நடந்தார். மேடைப் பேச்சு தொடங்கியதும் வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு பல நாள் தொலைக்காட்சியில் அதே வாதம்தான். உரிமச் சட்டத்தை இறுக்க வேண்டும், ஆண்டுதோறும் மருத்துவர் சான்று கேட்க வேண்டும் என்று ஒருவர் சொல்வார். சட்டத்தை இறுக்கினால் நேர்மையானவன் மட்டும் வெறுங்கையோடு நிற்பான், கெட்டவன் எந்த உரிமத்துக்கு வரிசையில் நிற்கிறான் என்று மற்றவர் கேட்பார். அக்கா சட்டைக் கழுத்துப்பட்டிக்கு இஸ்திரி போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் கெட்டவனைப் பற்றியே கதைக்கினம். நல்லவன்ரை கையிலை இருக்கிறதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கினமில்லை" என்றார்.

நல்லவன் ஒருவன் ஜனவரியில் அவருடைய சமையலறைக்கே வந்து சேர்ந்தான்.

பிறின்ஸுக்கு நாற்பது வயது இருக்கும். பலாரோ சந்தைப் பக்கம் நம்மவர்களுக்கான மளிகைக் கடை வைத்திருக்கிறார். தேங்காய்ப்பால் டின், கருவாடு, முருங்கைக்காய், விரதத்துக்கு வாழையிலை எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்கு மேல்மாடியில் குடியிருப்பு. அந்த மாதத் தொடக்கத்தில் ஓர் அந்தி வேளையில் இரண்டு பேர் உள்ளே நுழைந்து, துப்பாக்கியை அவர் நெற்றியில் வைத்து, கல்லாவில் இருந்ததை அள்ளிக்கொண்டு போனார்கள். மனைவி செல்வமலர் கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தார். யாருக்கும் காயமில்லை. மூன்று வாரம் கழித்து பிறின்ஸ் ஒரு படிவத்தோடு வந்தார். நம்மவர்களின் இத்தாலியப் படிவங்களை எல்லாம் நிரப்பித் தருபவள் சுலக்சனாதான். பிறின்ஸுக்குக் குடியுரிமை கிடைத்து இரண்டாண்டு ஆகிறது. இது குவெஸ்தூராவுக்கு, அதாவது நகரக் காவல் தலைமையகத்துக்கு, கைத்துப்பாக்கி உரிமம் கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பம். சுடும் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்து சான்றிதழும் வாங்கியிருந்தார்.

அன்று நானும் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அக்கா படிவத்தின் தலைப்பைப் படித்தார். அதை மேசைமேல் மெதுவாக வைத்தார்.

"தம்பி, இது என்னத்துக்கு?"

"நான் ஆரையும் சுடப்போறேல்லை அக்கா. சும்மா வைச்சிருக்கத்தான்."

"வைச்சிருக்கத்தான் எல்லாரும் வாங்குறது. சும்மா கிடக்கிறது எண்டு ஒரு சாமான் உலகத்திலை இல்லை."

"உங்களுக்குச் சொல்ல லேசு. அவங்கள் என்ரை நெத்தியிலை வைச்சவங்கள். மலர் பாத்துக்கொண்டு நிண்டவ. என்ரை ரெண்டு கையும் மேலை." பிறின்ஸ் தன் கைகளைப் பார்த்தார். "அண்டைக்குத் தூக்கின கை, அக்கா. எனக்கு இன்னும் இறங்கேல்லை."

தொலைக்காட்சியில் வாதம் செய்தவர்களுக்கெல்லாம் பதில் வைத்திருந்த அக்காவும் அந்தக் கைகளையே பார்த்தார். "இதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை, தம்பி."

"அல்லோரா, அப்ப நான் நிரப்பட்டோ வேண்டாமோ, அம்மா?" என்றாள் சுலக்சனா, பேனாவைத் திறந்தபடி.

"நிரப்பு. அவன்ரை உரிமை, நிரப்பிக் குடு." பிறகு பிறின்ஸிடம் திரும்பினார். "ஒண்டு மட்டும் செய். சனிக்கிழமை என்னோடை மொண்டெல்லோவுக்கு வா. எனக்குத் தெரிஞ்ச அவ்வொகாத்தோ ஒருத்தர், இந்தக் கடுதாசியளைப் பற்றி நல்லாத் தெரிஞ்சவர். அவர் ஒருக்காப் பாக்கட்டும். பிறகு கொண்டுபோய்க் குடு. நான் மறிக்கமாட்டன்."

யார் அந்த வழக்கறிஞர் என்று அவர் சொல்லவில்லை. சனிக்கிழமை நானும் கூடப் போனேன்; பஸ்ஸில் பிறின்ஸ் முன்னிருக்கையில் இருந்தார். அக்காவுக்கு ஜன்னலோரம் கிடைத்திருந்தும் அவர் வெளியே பார்க்கவில்லை. என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் செய்யிறது சரியோ தெரியேல்லை, பிள்ளை. அந்த மனுசன்ரை புண்ணைக் கிண்டப் போறன். அவரைக் கேட்டனான். வரச்சொல்லு எண்டவர். எண்டாலும்..."

அவ்வொகாத்தோவுக்கு எண்பத்தாறு வயது. கழுத்துப்பட்டை கட்டி, சட்டைப் பையில் மைப்பேனா செருகி எங்களுக்காகக் காத்திருந்தார். கைகுலுக்கி, பிறின்ஸை எதிரே உட்காரவைத்து, கடையில் நடந்ததை முழுவதும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. "கேவலம் அவர்களுக்குத்தான், உங்களுக்கு இல்லை" என்று மட்டும் சொன்னார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவத்தை வரிவரியாக வாசித்தார். இந்த உரிமம் வீட்டில் வைத்திருக்கவும் பயிற்சிக் கூடத்துக்குக் கொண்டுபோகவும்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிய அல்ல என்று விளக்கினார். பிறின்ஸ் தனக்கு அது தெரியும் என்றார். கடைக்கு மேலேதான் வீடு.

"ஒரு கட்டம் காலியாக இருக்கிறது" என்றார் அவ்வொகாத்தோ. "உங்களோடு ஒரே வீட்டில் வசிப்பவர்கள்."

மாமியாரின் பிறந்த தேதி பிறின்ஸுக்கு அன்று நினைவுக்கு வராததால் சுலக்சனா அதை விட்டிருந்தாள். கிழவர் தன் பேனாவைத் திறந்தார். செல்வமலர். எழுத்தெழுத்தாகக் கேட்டு அழகான கையெழுத்தில் எழுதினார். மூத்த மகள். இளைய மகள். மாமியார். ஒவ்வொரு பெயரையும் எழுதிய பிறகு ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார், உச்சரிப்பு சரிதானா என்று பிறின்ஸின் முகத்தைப் பார்த்தபடி.

"மாலையில் உங்கள் மனைவி எங்கே இருப்பார்?"

"கடையில். கல்லாவுக்குப் பின்னால்."

"நீங்கள் அதை எங்கே வைத்துத் துடைப்பீர்கள்? துடைக்காமல் வைத்திருக்கக் கூடாது, தெரியுமல்லவா?"

"மேலே, வீட்டில். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு."

"கல்லாவுக்கு நேர் மேலேயா?"

பிறின்ஸ் யோசித்தார். "ஓரளவுக்கு."

"தளம் எதனால் ஆனது?"

"மரம். பழைய கட்டடம்."

அவ்வொகாத்தோ பேனாவை மூடினார். "எங்கள் சமையலறைக் கதவும் மரம்தான்" என்றார். அதன்பிறகு, மார்ச் மாதக் காலையில் நடந்ததை ஒரு வழக்கின் விவரம்போல, தேதி, நேரம், தூரம் எல்லாம் சரியாக, மூன்றே நிமிடத்தில் சொல்லி முடித்தார். தன்னை எங்கும் மன்னிக்கவில்லை. எங்கும் திட்டிக்கொள்ளவும் இல்லை. கடைசியில் ஒன்று சொன்னார்: "நான் கவனமான மனிதன். வேண்டுமானால் இவரைக் கேளுங்கள்."

பிறின்ஸ் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஓம், தம்பி" என்றார் அக்கா. "செருப்பைக்கூட வரிசையா வைக்கிற மனுசன்."

கிழவர் மை காயும்வரை படிவத்தின்மேல் லேசாக ஊதினார். பிறகு இரண்டு கைகளாலும் அதை நீட்டினார். "இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது. நீங்கள் கொடுக்கலாம்."

அக்கா கத்தரிக்காய் போட்ட பாஸ்தாவைக் கொண்டுவந்து வைத்தார். எல்லோரும் சாப்பிட்டோம். முருங்கைக்காய் என்றால் என்ன என்று அவ்வொகாத்தோ கேட்க, பிறின்ஸ் கையால் நீளம் காட்டி விளக்கினார். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் பிறின்ஸ் கேட்டார்.

"அக்கா, உவர் நித்திரை கொள்ளுறவரோ?"

"சிலநாள் கொள்ளுறவர்" என்றார் அக்கா.

அடுத்த இரண்டு நாளும் அக்காவுக்குக் கைவேலை ஓடவில்லை. என் வீட்டுக்கு வந்து, வந்த காரணம் மறந்து திரும்பிப் போனார். செவ்வாய்க்கிழமை மொண்டெல்லோவுக்குப் போனபோது, கிழவர் வெளி வாசற்கதவிலேயே நின்றுகொண்டிருந்தாராம். உடம்புக்கு என்ன ஆயிற்றோ என்று அக்கா ஓடினார். அவர் கேட்டது இது: "அந்த இளைஞர் கொடுத்துவிட்டாரா?" இன்னும் இல்லை என்றார் அக்கா. அன்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம். "ஒன்பது வருசத்திலை இதுதான் முதல் தரம்" என்று அக்கா என் வாசலில் நின்று சொன்னபோது முகம் முழுக்கச் சிரிப்பு.

பிறின்ஸ் படிவத்தைக் கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. கடையில் தராசுக்குக் கீழுள்ள இழுப்பறையில் அது இருக்கிறது. அதற்குப் பதிலாக, உள்ளிருந்து பொத்தான் அமுக்கினால் மட்டுமே திறக்கும் கண்ணாடிக் கதவு போட்டார். பக்கத்து இறைச்சிக் கடைக்காரரோடும் எதிரே கைபேசி விற்கும் வங்காள தேசத்துக்காரரோடும் பேசி, ஒரு கடையில் அமுக்கினால் மூன்று கடையிலும் அலறும் மணி ஒன்றைப் பொருத்தினார்கள். அதைப் பொருத்திய நாளில் சோதித்துப் பார்த்ததில், இறைச்சிக் கடைக்காரர் கையில் தொங்கும் தொத்திறைச்சியோடு ஓடிவந்தாராம். "இன்னொருக்கா அவங்கள் வந்தால் என்ன செய்வன் எண்டு மட்டும் கேளாதேங்கோ" என்று பிறின்ஸ் என்னிடம் சொன்னார். "எனக்குத் தெரியாது. ஆனால் மலர் இருக்கிற இடத்துக்கு மேலை இருந்து அதைத் துடைக்க என்னாலை ஏலாது." சனிக்கிழமைகளில் அக்காவின் கையில் அவ்வொகாத்தோவுக்கு ஏதாவது கொடுத்தனுப்புவார். முருங்கைக்காய் போனது. எப்படிச் சாப்பிடுவது என்று தெரியாமல் கிழவர் தோலையும் மென்றுவிட்டார் என்று தகவல் வந்தது.

போன வாரம் கறிவேப்பிலை வாங்க நான் அந்தக் கடைக்குப் போயிருந்தேன். ஜூலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. வாசல் மணி அடித்தது. கணக்கில் கவனமாக இருந்த செல்வமலர் நிமிர்ந்து பார்க்காமலே பொத்தானை அமுக்கிவிட்டார்.

தலைமுழுக்க மூடிய கறுப்பு ஹெல்மெட்டோடு ஒருவன் உள்ளே வந்தான். கண்ணாடியும் கறுப்பு, உள்ளே முகம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. பலெர்மோவில் இது ஒன்றும் புதிதல்ல. பாதிப்பேர் அப்படியே காப்பி குடிக்கவும் போவார்கள். ஆனாலும் பிறின்ஸின் கை தராசின் மேலே அந்தரத்தில் நின்றது. செல்வமலர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். எனக்குக் கறிவேப்பிலைக் கொத்து கையில் இருப்பதே மறந்துவிட்டது.

அக்கா வெண்டைக்காயைக் கீழே போட்டார். நேரே நடந்து போய், கல்லாவுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றார். அவன் தோளுயரம்கூட இல்லை. "போனசேரா" என்று மாலை வணக்கம் சொல்லி, வீட்டுக்கு வந்த விருந்தாளியின் நனைந்த குடையை வாங்குவதுபோல இரண்டு கைகளையும் ஏந்தினார்.

அவன் ஒரு கணம் நின்றான். பிறகு புரிந்துகொண்டு, அவசரமாகக் கழுத்து வாரை அவிழ்த்துத் தலையிலிருந்து ஹெல்மெட்டை உருவினான். ஐம்பது வயது மதிக்கத்தக்க, வியர்த்துச் சிவந்த ஒரு முகம். மன்னிக்க வேண்டும் என்று முனகிவிட்டு அதை அவர் கையில் கொடுத்தான். சட்டைப் பையிலிருந்து சீட்டு ஒன்றை எடுத்து, மஞ்சள்தூளும் சிவப்புப் பருப்பும் எந்தத் தட்டில் என்று கேட்டான். பிறின்ஸ் கையைக் கீழே இறக்கி, வழி காட்டினார்.

அவன் தட்டுத் தட்டாகத் தேடிக்கொண்டிருக்க, அக்கா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். அதன் கண்ணாடியில் தூசியும் பூச்சியும் அப்பியிருந்தன. சால்வை நுனியைச் சுருட்டி, வாயால் ஆவி ஊதி, துடைக்கத் தொடங்கினார். வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு புள்ளி இன்னும் இருந்தது. மறுபடியும் மடியில் இறக்கி, அதையும் நகத்தால் மெல்லச் சுரண்டி எடுத்தார்.